தெள்ளுக்குக் காலனான பூ

உதகமண்டலத்தில் மலைச்சரிவை வெட்டிப் பாதை அமைத்திருக்கும் இடங்களில், மண் சரியாமல் இருக்கக் கருங்கற் சுவர் எழுப்பியிருப்பார்கள். அந்தச் சுவரின் இடுக்குகளில் யாரும் விதைக்காமல், யாரும் நீரூற்றாமல் ஒரு சிறு செடி கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்குவதை அங்குச் சென்றவர்கள் கண்டிருக்கலாம். நடுவில் மஞ்சள் வட்டம். அதைச் சுற்றி மெல்லிய நூலிழை போன்ற வெள்ளை இதழ்கள். நாளானால் அவ்விதழ்கள் இளஞ்சிவப்பாக மாறும். ஒரே செடியில் வெள்ளைப் பூவும் சிவந்த பூவும் சேர்ந்திருப்பது கண்ணுக்கு இனிய காட்சி.

சில ஆண்டுகளுக்கு முன்பு கல்லூரி மாணவர் சிலருடன் அவ்வழியே நடந்துகொண்டிருந்தேன். ஒரு மாணவர் அந்தப் பூவின் பெயரைக் கேட்டார். “ஆங்கிலத்தில் இதனை மெக்சிகோ நாட்டுப் பிளீபேன் என்பார்கள்” என்றேன். உடனே அவர் முகம் சுளித்து, “இவ்வளவு அழகான பூவுக்குப் பேன் என்றா பெயர் வைத்தார்கள்?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் தமிழ்ப் பேனுக்கும் அந்தப் பெயரில் உள்ள பேனுக்கும் உறவு ஒன்றுமில்லை. தமிழ் எழுத்தில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன, அவ்வளவே. எனினும், அந்த மாணவர் தம்மை அறியாமலே உண்மைக்கு மிக அருகில் வந்துவிட்டார். ஏனெனில் அந்தப் பெயரில் உண்மையாகவே ஒரு பூச்சி ஒளிந்துகொண்டிருக்கிறது. அது பேன் அன்று, தெள்ளுப்பூச்சி.

பெயரைப் பிரித்துப் பார்ப்போம். முற்பகுதியாகிய ‘பிளீ’ என்பது தெள்ளுப்பூச்சியைக் குறிக்கும். பிற்பகுதியாகிய ‘பேன்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘பனா’ என்று வழங்கிய சொல். கொலை செய்பவன் என்பது அதன் பொருள். பிற்காலத்தில் கொலைக்குக் காரணமாவது, நஞ்சு, பெருங்கேடு என்றெல்லாம் அதன் பொருள் விரிந்தது. ஆகவே ‘பிளீபேன்’ என்றால் தெள்ளைக் கொல்வது என்று பொருள். நம் வழக்கில் சொல்வதானால், தெள்ளுக்குக் காலன்.

இந்தப் ‘பேன்’ வேறு செடிகளின் பெயர்களிலும் உண்டு. கோழிகளுக்குக் கேடு தரும் ஒரு நச்சுச் செடிக்குக் ‘கோழிக்குக் காலன்’ என்ற பொருளில் ஹென்பேன் என்று பெயர். மற்றொரு கொடிய நச்சுச் செடிக்கு ‘ஓநாய்க்குக் காலன்’ என்ற பொருளில் உல்ப்ஸ்பேன் என்று பெயர். கிரேக்கர் அதனை ‘ஓநாய்க்கொல்லி’ என்று தம் மொழியில் அழைத்தனர். ஆங்கிலப் பெயர் அதன் நேர் மொழிபெயர்ப்பே. இவை இரண்டும் உண்மையிலேயே நஞ்சு மிக்கவை. ஆனால் சுவரிடுக்கில் சிரிக்கும் இந்தச் சிறு பூவுக்குக் கொலைகாரப் பட்டம் எப்படி வந்தது? அதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

இந்தப் பெயர் முதலில் சூட்டப்பட்டது உதகைச் சுவரில் வளரும் செடிக்கு அன்று. ஐரோப்பாவில் ஈரமான புல்வெளிகளிலும் ஓடைக் கரைகளிலும் வளரும் வேறொரு செடி உண்டு. அதன் பூ முழுவதும் மஞ்சள் நிறம். இலையைக் கசக்கினால் ஒரு வாடை வீசும். இதுவும் நம் சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு பூ அன்று; நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருங்கி அமர்ந்த ஒரு சபை. நடுவட்டத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு பூ. ஓரத்தில் உள்ள ஒவ்வோர் இதழும் ஒரு பூ. ஆங்கிலேயர் மிகவும் விரும்பும் டெய்சிப் பூவும் இக்குடும்பத்ததே. அதன் பெயருக்குப் ‘பகலின் கண்’ என்று பொருள். காலையில் விரிந்து மாலையில் குவிவதைக் கண்டு வைத்த பெயர் அது. டெய்சியின் பெயர் கண்ணால் கண்டதிலிருந்து பிறந்தது. பிளீபேனின் பெயரோ உடம்பு பட்ட துன்பத்திலிருந்து பிறந்தது.

அந்தத் துன்பத்தை இன்று நாம் முழுவதும் உணர்வது கடினம். தெள்ளுப்பூச்சி மிகச் சிறியது, சிறகில்லாதது, ஆனால் ஏறக்குறைய ஓர் அடித் தொலைவு தாவ வல்லது. வளர்ந்த பூச்சி நம் உடலிலோ விலங்கின் உடலிலோ குருதி குடிக்கும். அதன் முட்டைகளோ தரையில் உதிர்ந்துவிடும். தரையிலுள்ள தூசியிலும் குப்பையிலும் புழுக்கள் வளரும்; பிறகு கூட்டுக்குள் அடங்கிக் கிடக்கும்; நடமாட்டத்தின் அதிர்வும் உடலின் சூடும் பட்டவுடன் வெளியே தாவும். ஆகவே தெள்ளின் உண்மையான இருப்பிடம் நம் உடல் அன்று. நாம் வாழும் வீட்டின் தரை.

பழைய ஐரோப்பிய வீடுகளில் தரை எப்படி இருந்தது? மண்தரையின்மீது கோரைப்புல்லைப் பரப்பி வைப்பார்கள். பழைய புல்லை அகற்றாமலே அதன்மேல் புதிய புல்லைப் போடுவதும் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் சில காலம் தங்கியிருந்த எராஸ்மஸ் என்னும் டச்சு நாட்டுப் பேரறிஞர், அந்நாட்டு வீடுகளின் தரையில் அடிப்புல் ஆண்டுக்கணக்காக அகற்றப்படாமல் கிடப்பதைப் பற்றி ஒரு கடிதத்தில் மனம் வெதும்பி எழுதினார். அத்தகைய தரை தெள்ளுப் பண்ணையாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அரசர் முதல் ஆண்டி வரை அந்தக் கடிக்குத் தப்பியவர் இலர். அந்நிலையில், ‘இந்தத் தழையைத் தரையில் பரப்பு, தெள்ளு மாயும்’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு எத்தனை செவிகள் திறந்திருக்கும்!

அப்படிச் சொன்னவர்களுள் மிகவும் செல்வாக்குடையவர் டயாஸ்கோரிடீஸ். இவர் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர். இன்றைய துருக்கி நாட்டின் தென்பகுதியிற் பிறந்தவர். மருந்துச் சரக்குகளைப் பற்றி ஐந்து பகுதிகளாக ஒரு பெரு நூல் எழுதினார். அந்நூலில் ‘கோனிசா’ என்றொரு செடியைக் குறித்து, அதன் தழையைப் பரப்பினாலும் புகைத்தாலும் நச்சுயிர்கள் விலகும், கொசுக்கள் ஓடும், தெள்ளுகள் சாகும் என்று எழுதிவைத்தார். அவருடைய நூல் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மருத்துவர்களின் கைந்நூலாக விளங்கியது. இலத்தீன் மொழியில் தெள்ளுக்குப் ‘பூலெக்ஸ்’ என்று பெயர். அதனடியாகவே நான் முன்னர்க் கூறிய மஞ்சட் பூச்செடிக்குப் ‘பூலிகேரியா’ என்ற பெயர் அமைந்தது. ஆங்கிலத்தில் அதுவே பிளீபேன் ஆயிற்று.

அச்சுப்பொறி தோன்றிய பின்னர் மூலிகை நூல்கள் பெருகின. 1597ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த ஜான் ஜெரார்டின் மூலிகை நூல் மிகவும் புகழ்பெற்றது. அதிலும் இச்செடியின் புகை பூச்சிகளை ஓட்டும் என்று கூறப்பட்டிருக்கிறது. ஆனால் ஜெரார்டு ஒரு தெள்ளைப் பிடித்து, ஒரு தழையின்மேல் விட்டு, அது சாகிறதா என்று பார்த்தாரா? அக்கால நூல்களின் இயல்பு அதுவன்று. முன்னோர் எழுதியதைப் பின்னோர் எடுத்தெழுதினர். கிரேக்கர் கூறிய செடி தம் நாட்டில் வளரும் செடிதானா என்பதே அவர்களுக்கு ஐயமாக இருந்தது. அந்த ஐயத்தினூடேதான் பெயர் ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குத் தாவியது.

இங்கே மாணவர்கள் ஓர் எச்சரிக்கையை மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு செடியின் பெயரில் தெள்ளு இருப்பதனாலேயே அது தெள்ளைக் கொல்லும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வயிற்றுக் கட்டுக்கு மருந்தாகக் கொடுக்கும் இசப்கோலை நீங்கள் அறிவீர்கள். அதற்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் விதையைக் கிரேக்கர் ‘சில்லியான்’ என்றனர். அவர்கள் மொழியில் ‘சில்லா’ என்பது தெள்ளு. ஆங்கிலேயரும் அதனைத் ‘தெள்ளுப் பூண்டு’ என்றே வழங்கினர். ஆனால் இப்பெயர் தெள்ளைக் கொல்வதனால் வந்தது அன்று. சிறிய, பளபளப்பான, கருமை கலந்த அந்த விதை பார்ப்பதற்குத் தெள்ளைப் போலவே இருப்பதனால் வந்தது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கல்பெப்பர் என்னும் ஆங்கில மூலிகை நூலாரே இதனை விளக்கியிருக்கிறார். உருவத்தால் வந்த பெயர் ஒன்று. தொழிலால் வந்த பெயர் மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக மயங்கினால் வரலாறு பொய்யாகிவிடும்.

அந்த மஞ்சட் பூச்செடிக்கு இன்னொரு பெயரும் உண்டு. சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ், உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரண்டு சொற்களால் பெயரிடும் முறையை 1753ஆம் ஆண்டில் நிலைநாட்டினார். அவர் இச்செடியின் பெயரில் சீதபேதியைக் குறிக்கும் ‘டிசென்டெரிகா’ என்ற சொல்லைச் சேர்த்தார். உருசியப் படையிற் பணியாற்றிய கீத் என்னும் ஸ்காத்லாந்துத் தளபதி, பாரசீகத்தின்மீது சென்ற போர் வீரர்கள் சீதபேதியால் வருந்தியபோது இச்செடியால் குணமடைந்தனர் என்று தம்மிடம் கூறியதாக லின்னேயஸ் எழுதியிருக்கிறார். பாருங்கள்! ஒரே செடி. ஒரு பெயரில் வீட்டுத் தரையின் தொல்லை. மற்றொரு பெயரில் போர்க்களத்தின் பிணி.

இனிப் பெயர் கடல் கடந்த கதையைக் கேளுங்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வட அமெரிக்காவிற் குடியேறினர். அங்கே வயல்வெளிகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் காட்டுச் செடிகள் நிறைந்திருந்தன. புதிய நாட்டிற்குச் சென்றவன் பழைய ஊரின் பெயர்களையே தேடித் தேடிச் சூட்டுவது மனித இயல்பு. அவ்வாறே தாய்நாட்டுப் பிளீபேனின் பெயரை அந்தச் செடிகளுக்கும் வைத்தனர். அச்செடிகளின் இனத்தைத் தாவர நூலார் ‘எரிஜெரான்’ என்பர். அதில் ஏறத்தாழ 400 வகைகள் உள்ளன. நம் உதகைச் சுவரிற் பூக்கும் மெக்சிகோச் செடியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

‘எரிஜெரான்’ என்ற சொல்லின் பொருளும் சுவையானது. கிரேக்க மொழியில் ‘எரி’ என்றால் காலத்தே, விரைவில் என்று பொருள்; ‘ஜெரான்’ என்றால் கிழவர். ‘விரைவில் கிழவராகிவிட்டவர்’ என்பது செடியின் பெயர்! பூ முதிர்ந்ததும் விதைகளின் தலையில் வெண்பஞ்சு போன்ற மயிர்க்கற்றை தோன்றுகிறது அல்லவா? அந்த நரையைக் கண்டு வைத்த பெயர் அது. இதே கருத்தில் உரோமர் ஒரு செடியைச் ‘செனீசியோ’ என்றனர். ‘செனெக்ஸ்’ என்றால் இலத்தீனில் முதியவர்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ச் சிறுவர்களின் நினைவு வந்தது. நம் வரப்போரங்களிலும் கிணற்றடிகளிலும் நீண்ட காம்பின் நுனியில் சிறு மஞ்சள் பூவைத் தாங்கி நிற்கும் ஒரு செடி உண்டு. காயத்தின்மேல் அதன் இலைச்சாற்றைப் பிழிவதனால் பெரியவர்கள் அதனை வெட்டுக்காயப் பூண்டு என்பர். சிறுவர்களோ அதனைத் தாத்தாப் பூ என்பர். காம்பை மடக்கித் தலையைச் சுண்டிவிட்டு விளையாடுவர். அச்செடியும் சூரியகாந்திக் குடும்பமே. அதன் விதையும் நரைத்த தலையுடையதே. கிரேக்க அறிஞரும், உரோம உழவரும், நம் ஊர்ச் சிறுவரும் ஒருவரையொருவர் அறியாமலே இக்குடும்பத்துச் செடிகளைக் கிழவராகக் கண்டிருக்கின்றனர். மேலும் ஒரு வியப்பு: அந்த வெட்டுக்காயப் பூண்டு நம் நாட்டுச் செடியே அன்று, அமெரிக்காவின் வெப்பப் பகுதியிலிருந்து வந்தது. வந்த செடிக்கு நம் மக்கள் தம் தேவையைக் கொண்டு பெயர் வைத்தனர். ஐரோப்பிய உழவரும் அதனையே செய்தனர்.

சரி, பிளீபேன் உண்மையில் தெள்ளைக் கொல்லுமா? எந்தப் புகையும் பூச்சிகளுக்கு ஓரளவு தொல்லை தரும். நம் நாட்டிலும் மாலையில் மாட்டுத் தொழுவத்தில் நொச்சித் தழையைப் புகைக்கும் வழக்கம் உண்டு. ஆகவே பழையவர்கள் கூறியது முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ‘காலன்’ என்ற பட்டத்திற்கு இந்தச் செடி தகுதியுடையது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எரிஜெரான் இனமோ பெயரை இரவல் வாங்கியதே அன்றி, அந்தத் தொழிலைச் செய்து காட்டியதில்லை.

இது வெறும் சொல் ஆராய்ச்சி என்று எண்ணிவிடாதீர்கள். தெள்ளு வெறும் அரிப்புத் தரும் பூச்சி அன்று. 1347ஆம் ஆண்டு முதல் 1351ஆம் ஆண்டு வரை ஐரோப்பாவில் பரவிய பெருங்கொள்ளைநோய் அங்கு வாழ்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரையேனும் கொன்றது. அது பிளேக் நோய். அந்த நோயின் நுண்ணுயிரை 1894ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் யெர்சின் என்பவர் கண்டறிந்தார். 1896ஆம் ஆண்டில் அந்நோய் பம்பாயில் தோன்றிப் பிற பகுதிகளுக்கும் பரவியது. அடுத்த சில பத்தாண்டுகளில் நம் நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோய் எலியிடமிருந்து மனிதரிடம் எவ்வாறு வருகிறது என்பது அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

1898ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஓர் எளிய சோதனை செய்தார். பெரிய கண்ணாடிச் சாடி ஒன்றில் தெள்ளுகள் மொய்த்த, பிளேக் கண்ட எலியை இட்டார். அதற்கு மேலே, தொடமுடியாதபடி, கம்பிவலைக் கூட்டில் நலமான எலி ஒன்றைத் தொங்கவிட்டார். நோயுற்ற எலி இறந்தது. சில நாட்களில், அதனைத் தொடாத எலியும் பிளேக் கண்டு இறந்தது. இடையே தாவியது எது? தெள்ளு! சிமோனின் முடிவைப் பலர் முதலில் ஏற்கவில்லை. 1905ஆம் ஆண்டு முதல் பம்பாயில் ஆராய்ச்சி நடத்திய குழுவினர் அதனை உறுதிப்படுத்தினர். டயாஸ்கோரிடீஸ் தெள்ளைக் கொல்ல ஒரு தழையைச் சொன்னார். பதினெட்டு நூற்றாண்டு கழித்தே தெள்ளு எத்தகைய கொலைகாரன் என்பதை மனிதன் அறிந்தான். யார் யாருக்குக் காலன் என்பது அன்றுதான் வெளிப்பட்டது.

இன்னும் ஒரு வேடிக்கை இருக்கிறது. தெள்ளை உண்மையாகவே கொல்லும் பூ ஒன்று அதே சூரியகாந்திக் குடும்பத்தில், அதே டெய்சி உருவில் இருந்தது. ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையிலுள்ள டால்மேஷியாவில் வளரும் பைரீத்திரம் என்னும் செடியே அது. வெள்ளை இதழும் மஞ்சள் நடுவட்டமும் கொண்ட அதன் பூவை உலர்த்திப் பொடியாக்கினால், அந்தப் பொடி பூச்சிகளின் நரம்பைத் தாக்கி அவற்றை வீழ்த்தும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா எங்கும் அந்தப் பொடி விற்கப்பட்டது. ஜப்பானில் ஊயெயாமா என்பவர் அப்பொடியைக் கொண்டு 1890ஆம் ஆண்டில் ஊதுவத்தி போன்ற கொசுவத்தியைச் செய்தார். அது விரைவில் எரிந்து தீர்ந்துவிட்டது. சுருளாக வளைத்தால் நெடுநேரம் எரியுமே என்ற யோசனையைக் கூறியவர் அவருடைய மனைவி என்பர். 1902ஆம் ஆண்டில் கொசுவத்திச் சுருள் விற்பனைக்கு வந்தது. 1924ஆம் ஆண்டில் ஸ்டாடிங்கர், ருசிச்கா என்ற இரு வேதியியலார் அந்தப் பூவின் நஞ்சினது அமைப்பை ஆராய்ந்து வெளியிட்டனர். 1949ஆம் ஆண்டில் அதனைப் போன்ற பொருளை ஆய்வுக்கூடத்திலேயே செய்தனர். இன்று நம் வீட்டில் கொளுத்தும் கொசுவத்தியில் இருப்பது பெரும்பாலும் அந்த வழியில் வந்த பொருளே.

எண்ணிப் பாருங்கள். தெள்ளைக் கொல்லாத பூ ‘தெள்ளுக்குக் காலன்’ என்ற பெயரைச் சுமந்து நிற்கிறது. தெள்ளைக் கொன்ற பூவுக்கோ அந்தப் பெயர் இல்லை. பெயர் பெற்றவர் ஒருவர். பணி செய்தவர் மற்றொருவர்.

இக்கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. எரிஜெரான் இனத்தில் கனடாப் பிளீபேன் என்றொரு செடி உண்டு. அது 17ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று பரவிவிட்டது. ஐரோப்பியர் கொடுத்த பெயருடன் அது ஐரோப்பாவில் குடியேறியது எனலாம். வயல்களில் களையாகிவிட்ட அச்செடியை அழிக்க உழவர்கள் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளித்து வந்தனர். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் அந்த மருந்துக்கும் சாகாத செடிகள் தோன்றியிருப்பது 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ‘காலன்’ என்று பெயர் பெற்ற செடி, தன்மேல் ஏவப்பட்ட காலனையே வென்றுவிட்டது!

மாணவ நண்பர்களே, ஒரு பெயர் நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. அப்பொருள் எத்தகையது என்பது ஒன்று. பெயர் வைத்தவன் எதனை அஞ்சினான், எதனை விரும்பினான் என்பது மற்றொன்று. முதற் செய்தி தவறாக இருக்கலாம்; சோதித்துப் பார்த்தே அதனை ஏற்க வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் எல்லாரும் எழுதினார்கள் என்பது சான்று ஆகாது. கராச்சியில் ஒருவர் ஒரு சாடியையும் இரண்டு எலிகளையும் வைத்துக் கண்டதே சான்று. ஆனால் இரண்டாம் செய்தி பெரும்பாலும் பொய்ப்பதில்லை. தெள்ளுக் கடியால் உறக்கமின்றிப் புரண்ட எத்தனையோ இரவுகளும், எரிச்சலும், ஒரு தழையின்மேல் வைத்த நம்பிக்கையும் பிளீபேன் என்ற சொல்லில் இன்றும் அழியாமல் இருக்கின்றன. எந்த அரசனும் அவற்றைக் கல்வெட்டில் பொறித்து வைக்கவில்லை.

அடுத்த முறை உதகைக்குச் சென்றால் அந்தச் சுவரின் அருகே சற்று நில்லுங்கள். மலை வரை போக வேண்டுவதும் இல்லை; உங்கள் ஊர் வரப்பில் தாத்தாப் பூ காத்திருக்கிறது. அதற்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் குறித்து வையுங்கள். பிறகு அது மெய்தானா என்று நீங்களே ஆராயுங்கள். வரலாறு தொடங்கும் இடம் அதுவே.